போன வருடம் பறித்தது யார்?

தெல்தோட்டை
1867, ஆவணி 18

றவூப் நானாவுக்கு இராமையா கங்காணி எழுதிக்கொள்வது.

போன தடவை உங்கள் கடையில் எடுத்த அரிசியில் பாதி கல். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இது வேறு காரியம். கொஞ்சம் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடைக்குக் கோப்பி கொண்டுவருகிற உக்கு பண்டா, வாய் நிறைய வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பாரே, அவர் அன்று கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். பிலிமத்தலாவைக்கு மேலே அவருக்கு ஒரு கோப்பித் தோட்டமும் அதன் கீழே ஒரு துண்டு வயலும் இருக்கிறதாம். விற்கப் போகிறாராம். "தம்பி, கண்டிக்கு ரயில் கோச்சி வந்தாச்சி. இனி காணி வெலை ஏறுமே தவிர எறங்காது. ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க. ஒங்க மொகத்தைப் பாத்துத்தான் மொதல்ல ஒங்ககிட்ட சொல்றேன்" என்றார். என் முகத்தில் அப்படி என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எனக்காக இல்லை, நானா. அங்கம்மா மதினிக்காக. அண்ணன் மாத்தளை வழியில் காய்ச்சலில் போன நாளிலிருந்து மதினியும் மகள் சுந்தரியும் என் பொறுப்பு. மதினிக்கு இருமல் விட்டபாடில்லை. வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் இடமில்லை என்று துரை சொல்லிவிட்டார். தை மாதம் ஊருக்குத் திரும்புகிற கூட்டத்தோடு போய்விடுகிறேன் என்கிறார் மதினி. ஊரில் யார் இருக்கிறார்கள்? மதினிக்குக் கூடப்பிறந்த ஒரு தம்பி இருக்கிறான், அவன் பெண்டாட்டி மதினியை வாசல்படி ஏறவிட மாட்டாள். "போக வேண்டாம் மதினி, உங்களுக்கென்று ஒரு கூரை போட்டுத் தருகிறேன்" என்று நான் சொல்லிவிட்டேன். மதினியும் கழுத்திலும் காதிலும் இருந்ததை எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டார், முடிந்து வைத்திருந்த அண்ணன் கட்டிய தாலியையும் எடுத்துக் கொடுத்தார். என் பங்கையும் போட்டால் சரியாக வரும்.

மதினி ஒன்றே ஒன்று சொன்னார்: "றவூப் நானாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க தம்பி." அண்ணன் செத்தபோது கோடித் துணிக்கு நீங்கள் காசு வாங்கவில்லை அல்லவா, அதை மதினி மறக்கவில்லை. எனக்குச் சிங்களம் வராது. பழம் பறிக்கிற காலம் வரப்போகிறது, துரை லீவு தர மாட்டார். நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டும். நீங்கள் சரி என்றால் வாங்குகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். வேறு யாரையும் கேட்கப் போவதில்லை.

இராமையா

•

கண்டி
1867 செப்தெம்பர் 21

தம்பி இராமையாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுதச் சுணங்கியதற்குக் குறை நினைக்க வேண்டாம். கடையில் ஆள் இல்லை, வீட்டில் மனைவி றம்லத்துக்கும் சுகமில்லை. அரிசியில் கல் இருந்ததை நம்ப மாட்டேன். இருந்தால் ஒன்றிரண்டு இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பிலிமத்தலாவைக்குப் போனேன். அங்கிருந்து மேட்டில் நல்ல ஏற்றம், இந்த வயதில் மூச்சு வாங்கிவிட்டது. காணி நல்ல காணி. கோப்பி மரங்கள் முறுக்காக நிற்கின்றன, காய் பிடித்திருக்கிறது. நடுவில் இரண்டு பலா மரங்கள். வயலுக்கு ஓடைத் தண்ணீர் தடையில்லாமல் வருகிறது. எல்லையில் கிளுவை வேலி பழைய வேலி, யாரும் நேற்று நட்டதல்ல.

அக்கம்பக்கத்தில் மூன்று பேரைக் கேட்டேன். "இது யாருடைய தோட்டம்?" என்றதற்கு மூன்று பேரும் உக்கு பண்டாவுடையது என்றுதான் சொன்னார்கள். அவர்தான் களை பிடுங்குகிறார், அவர்தான் பறிக்கிறார். நான் போனபோதும் அவர் மண்வெட்டியோடு நின்றார். இளநீர் வெட்டித் தந்தார்.

இதற்கு மேல் என்ன சொல்ல? கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டேன். பத்திரம் எழுதும் வேலையை நல்ல நொத்தாரிசிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் மனம். அல்லாஹ் நல்லதையே நாடட்டும். மதினிக்கு என் சலாம் சொல்லுங்கள்.

கடையில் ஆள் காத்திருக்கிறார்கள். நிறுத்துகிறேன்.

றவூப்

•

தெல்தோட்டை
1868, மாசி 27

றவூப் நானாவுக்கு,

முடிந்தது! உறுதிப் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. மதினி பெயரில் எழுதச் சொல்லிவிட்டேன். நொத்தாரிசு மூக்குக் கண்ணாடி வழியாக மதினியை மேலும் கீழும் பார்த்தார். கூலிக்காரி பெயரில் காணியா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

உக்கு பண்டா மனுசன் சுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். "இந்த வருசத்துப் பழத்தை நான் பறிச்சிக்கிறேன், பறிச்ச கையோட எழுதித் தாறேன்" என்றார். நியாயம்தானே? பறித்து முடித்தார், எழுதித் தந்தார். அடுத்த வருடத்துப் பழம் முழுவதும் நமக்கு.

ஊருக்குப் போகிற கூட்டம் தையிலேயே புறப்பட்டுவிட்டது. மதினி மூட்டை கட்டி வைத்திருந்தார். நான்தான் அவிழ்த்துப் போட்டேன். "கடைசியா கேக்கறேன் தம்பி, நிச்சயமா?" என்று கேட்டார். "றவூப் நானா பாத்துட்டு எழுதியிருக்காரு மதினி, அப்புறம் என்னா?" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடிசைக்குக் கூரை போட்டோம். மதினி மூன்று கல் வைத்துப் பொங்கி, முதல் பிடியை அண்ணனுக்கு வைத்தார். அப்புறம் அந்த மனுசி செய்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு மரமாகப் போய்த் தொட்டுத் தொட்டு வந்தார், நானா. ஒன்றைக்கூட விடவில்லை. இத்தனை வருடம் துரையின் மரங்களைத் தொட்ட கைதான். இந்தத் தடவை எதையும் பறிக்கவில்லை, சும்மா தொட்டார். சுந்தரி சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதினி பீர்க்கும் கீரையும் விதைத்திருக்கிறார். காய்த்ததும் முதல் காய் உங்கள் வீட்டுக்குத்தான். ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போங்கள்.

இராமையா

•

தெல்தோட்டை
1868, சித்திரை 20

றவூப் நானா,

நீங்கள் என்னதான் விசாரித்தீர்கள்?

புது வருடம் கழிந்த மறுவாரம் ஒரு சிங்கள அம்மா நாலு ஆட்களோடு தோட்டத்துக்குள் வந்திருக்கிறாள். டிங்கிரி மெனிக்கே என்று பேர். உக்கு பண்டாவின் அண்ணன் மனைவி, விதவை. வந்தவள் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. தன் வீட்டுக் கொல்லைக்குள் வருகிற மாதிரி வந்து, மரத்தடியில் களை பிடுங்கக் குந்திவிட்டாளாம். மதினி பதறிப் போய் கையில் இருந்த மண்ணோடு ஓடி, "யாருங்க நீங்க? இது எங்க காணி" என்றிருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. "மே அவுருத்த அப்பே" என்றாளாம். இந்த வருடம் எங்களுடையது என்று அர்த்தமாம். நான் ஆள் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருடம் உக்கு பண்டா, ஒரு வருடம் அவர் அண்ணன் குடும்பம். அப்பன் காலத்திலிருந்து அப்படித்தானாம். ஊருக்கே தெரியுமாம்! நீங்கள் கேட்ட மூன்று பேருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? சிங்களம் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு நானே போய் அவர்களைக் கேட்டேன். அதில் ஒருவர், ஓடைப் பக்கத்து வீட்டுக் கிழவர், சாதாரணமாகச் சொல்கிறார்: "நீங்க கேக்கும்போது அது உக்கு பண்டா வருசம். இப்ப மெனிக்கே வருசம்." அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

உக்கு பண்டா ஆள் இல்லை. குருநாகலுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

மதினியை நான் லயத்துக்கே கூட்டிவந்துவிட்டேன். விதைத்த கீரையைப் பறித்துக்கொண்டு போகும்படி அந்த அம்மா சொல்லியிருக்கிறாள். மதினி வேண்டாம் என்று வந்துவிட்டார். துரையிடம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். ஒரு மூலையில் இருக்க விட்டிருக்கிறார், எத்தனை நாளைக்கோ. தையில் ஊருக்குப் போன கூட்டம் இப்போது ஊரில் இருக்கும். மதினி அவர்களோடு போயிருக்க வேண்டியவர். நான்தான் அவர் மூட்டையை அவிழ்த்தேன்.

பதில் எழுதுங்கள்.

இராமையா

•

கண்டி
1868 மே 14

தம்பிக்கு,

கடிதம் பார்த்துப் பதறிப் போனேன். என்ன அநியாயம் இது! உக்கு பண்டா இப்படிச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை. என் கடையில் எத்தனை வருடம் உட்கார்ந்து வெற்றிலை போட்டவன்.

இதற்குத் தட்டுமாறு என்று பேர். கண்டிச் சீமையில் உள்ள வழக்கம். அப்பன் சொத்தை வெட்டிப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் அகலம்தான் வரும். அதனால் பிரிக்காமல், முழுக் காணியையும் வருடத்துக்கு ஒருவராக மாறி மாறி அனுபவிப்பார்கள். வயலுக்குத்தான் அதிகம். கோப்பி வந்த பிறகு சிலர் தோட்டத்தையும் அப்படி வைத்துக்கொள்கிறார்கள். யாருடைய வருடமோ அந்த வருடம் அவர்தான் சொந்தக்காரர். மற்றவர் ஒரு பாக்குக்கூடப் பொறுக்க மாட்டார். ஆகவே அந்த மூன்று பேரும் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது, தம்பி. நான் கேட்டதற்கு அவர்கள் பதில் சொன்னார்கள்.

நமக்குத் தெரிந்த பிரக்கிராசி வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசினேன். உறுதி செல்லுமாம். ஆனால் விற்றவனிடம் எது இருந்ததோ அது மட்டும்தான் கைமாறுமாம். அதாவது உக்கு பண்டாவின் முறை இனி மதினிக்கு. ஒன்றுவிட்டு ஒரு வருடம். வரும் சித்திரையிலிருந்து மதினியின் வருடம். அதுவரை பொறுக்க வேண்டும். அவனைக் கோட்டுக்கு இழுக்கலாம்தான், ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டுமே.

ஒரு மூட்டை நல்ல சம்பா அனுப்பியிருக்கிறேன். கல் பொறுக்கியது. மதினியிடம் கொடுங்கள். தைரியமாக இருங்கள். எல்லாம் அவன் நாட்டம்.

றவூப்

•

தெல்தோட்டை
1868, வைகாசி 25

றவூப் நானா,

அரிசி மூட்டையை வண்டிக்காரரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவிழ்க்கவில்லை.

தட்டுமாறு பற்றி நன்றாக விளக்கி எழுதியிருக்கிறீர்கள். என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கே தெளிவாகப் புரிந்துவிட்டது. அப்பன் சொத்து, ஆளுக்கு ஒரு பாய், ஒரு பாக்குக்கூடப் பொறுக்க மாட்டார். அடேயப்பா!

நான் இராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊரில் உழுகிறவன் குத்தகைக்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் காணி அவனுடையதாக இருக்கும். வருடத்துக்கு வருடம் சொந்தக்காரர் மாறுகிற கதையை நான் கேட்டதில்லை. அதனால்தான் உங்களை அனுப்பினேன்.

ஒரே ஒரு கேள்வி. இவ்வளவும் உங்களுக்கு எப்போது தெரியும்? பிரக்கிராசி சொல்லித் தெரிந்ததா, இல்லை காணி பார்க்கப் போன வியாழக்கிழமையே தெரியுமா?

மதினி இருமுகிறார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் நன்றாக இருக்கும்.

இராமையா

•

அக்குறணை
1868 யூன் 19

தம்பி இராமையா,

கடையில் உட்கார்ந்து இதை எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

தெரியும். அப்போதே தெரியும்.

எங்கள் வாப்பாவின் வயலும் தட்டுமாறுதான். ஒரு வருடம் எங்களுக்கு, ஒரு வருடம் சாச்சாவுக்கு. சாச்சாவின் வருடத்தில் அந்த வரப்பில் நடந்தால்கூட உம்மா கூப்பிட்டுத் திட்டுவா. அதிலேயே வளர்ந்தவன் நான். காணி பார்க்கப் போனால் "இது யாருடையது?" என்று கேட்டுவிட்டு நிற்கக் கூடாது, "போன வருடம் பறித்தது யார்?" என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும்.

அந்த ஓடைப் பக்கத்துக் கிழவர் என்னிடம் சொன்னது இதுதான்: "இந்த வருடம் உக்கு பண்டாவுடையது." எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் அவர் ஒளிக்காமல் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. "சரி, சந்தோசம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஏதோ பேச்சுக்கு அப்படிச் சொல்கிறார், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏற்றம் இறங்கி முடிவதற்குள் அதை நம்பவும் பழகிவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்பீர்கள். உக்கு பண்டாவின் கோப்பியும் அவன் சொந்தக்காரர் அத்தனை பேரின் கோப்பியும் என் கடைக்குத்தான் வரும். என் வாயால் அவன் வியாபாரம் கெட்டால் மறுநாளே எதிர்க்கடைக்குப் போய்விடுவான். அவன் இளநீர் வெட்டித் தந்தபோது என் முகத்தைப் பார்த்தான், தம்பி. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். அந்த இளநீரைக் குடித்தேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதும்போது றம்லத் கேட்டா: "எல்லாம் ஒழுங்கா விசாரிச்சீங்களா? அது ஒரு கைம்பொண்டுட காசு." எனக்கு வந்த கோபத்தில், "ஒனக்கு வியாபாரம் தெரியுமா?" என்று கத்தினேன். நேற்று அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க செஞ்சத என்னட்ட செல்லி என்ன செய்ய? அங்க செல்லுங்க" என்றா.

அதனால் சொல்கிறேன். ஒரு பொய்யும் எழுதாமல் உங்களைக் குழியில் இறக்கியவன் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. உங்களுக்கும் மதினிக்கும் நான் செய்யக் கூடியது எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள். செய்கிறேன்.

றவூப்

•

தெல்தோட்டை
1869, ஆடி 10

றவூப் அவர்களுக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

சித்திரையிலிருந்து எங்கள் வருடம். மதினியும் சுந்தரியும் குடிசைக்குப் போய்விட்டார்கள். மரத்தில் காய் கொப்பு தாங்காமல் கிடக்கிறது. பறித்து முடித்துப் பங்குனி வந்ததும் மறுபடி லயத்து மூலை. துரை இந்தத் தடவை முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வருடம் கூரை, ஒரு வருடம் தெரு. இருமுகிற உடம்புக்கு இது ஆகுமா?

பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த கங்காணி ஒருவர் இருக்கிறார், அழகையா என்று பேர். காணி தேடுகிறார். நம் தோட்டத்தைப் பார்த்தார், மயங்கிவிட்டார். நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார். மதினி தை மாதக் கூட்டத்தோடு கௌரவமாக ஊருக்குப் போய், தம்பி வீட்டுப் படி ஏறாமல் தனி வீடு கட்டி இருக்கலாம்.

அழகையாவுக்குச் சிங்களம் தெரியாது. யாரைக் கேட்கலாம் என்று என்னைக் கேட்டார். கண்டியில் றவூப் நானாவைக் கேளுங்கள் என்று சொன்னேன்.

உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்று எனக்கு எழுதினீர்களே, அதையே அவரிடம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டேன், மதினியுடையது என்றார்கள் என்று. அது உண்மைதானே? இந்த வருடம் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இதைச் செய்யுங்கள். அதோடு நமக்குள் கணக்குத் தீர்ந்தது. மதினிக்கு இது எதுவும் தெரியாது. இப்போது தெரியவும் வேண்டாம், உறுதியில் கைநாட்டு வைக்கிற அன்று விற்பதை மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இராமையா

•

கண்டி
1869 ஆகஸ்து 12

தம்பி இராமையா,

அழகையா நேற்று வந்தார். மனைவி நல்லம்மாவும் கூட வந்தா, இடுப்பில் பிள்ளையோடு. கதிரை போட்டேன், உட்காரவில்லை. "இராமையா கங்காணி சொன்னாருங்க, நானா ஒரு வார்த்தை சொன்னா போதும், கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு" என்றார் அழகையா.

உங்களுக்கு நான் செய்த அநியாயத்துக்கு நீங்கள் கேட்டதைச் செய்வதுதான் முறை என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம்தான் முதலில் பேசியது, தம்பி. சொல்லிவிட்டேன். "அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அங்கம்மாவுடைய காணி என்றுதான் சொல்வார்கள்" என்று, நீங்கள் எழுதியபடியே சொன்னேன். அழகையாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படியிறங்கிப் போனார்கள். நல்லம்மா பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனா.

அவர்கள் வாவிக்கரை திரும்புவதற்குள் நான் தெருவில் ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. பசார் முழுக்கப் பார்த்தது. மூச்சு வாங்க நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுமாறு என்றால் என்ன, இது யாருடைய வருடம், அடுத்த வருடம் யார் வருவார்கள், போன தடவை என் பேச்சை நம்பி வாங்கியவருக்கு என்ன ஆனது, எல்லாம். நீங்கள் எழுதியதை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அழகையா விவரம் தெரிந்தவர், புரிந்துகொண்டிருப்பார்.

நல்லம்மாதான் பேசினா. "கொஞ்சம் முன்னாடி சொன்னது பொய்யா நானா?" என்றா. பொய் இல்லை என்றேன். "பொய்யே சொல்லாம எங்கள முடிச்சிருப்பீங்களே!" என்றா. நடுத்தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இனிமேல் இந்த ஊரில் காணி விசயமாக என்னிடம் யாரும் வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் நல்லது.

உங்களுக்கு இரண்டு தடவை கெடுதல் செய்துவிட்டேன். முதல் தடவை வாயை மூடிக்கொண்டு, இந்தத் தடவை வாயைத் திறந்து. என்னை என்ன சொன்னாலும் தகும். ஆனால் அன்று அந்தக் கிழவரிடம் கேட்காமல் விட்டது போல இன்னொரு தடவையும் தெரிந்ததை மறைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

றவூப்

•

தெல்தோட்டை
1869, ஆவணி 30

றவூப் நானாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டிப் படித்தேன். உங்களைத் திட்டி நானும் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அதில் நல்ல நல்ல வசவெல்லாம் இருந்தது, வீணாகிவிட்டது.

எனக்குத் தாங்காதது ஒன்றுதான். அழகையா பின்னால் தெருவில் ஓடினீர்களே, எனக்காக ஏன் ஓடவில்லை? யோசித்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் ஓடுவதற்கு முன்னால் ஒரு ஆள் விழ வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். அவ்வளவுதான். அழகையா அதிர்ஷ்டக்காரர்.

இப்படி உங்களைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நல்லம்மா சும்மா இருக்கவில்லை. நேரே தோட்டத்துக்கு ஏறிப் போய் மதினியைப் பார்த்துவிட்டாள். மதினியும் ஏமாந்தவர்தானே என்று இரக்கப்பட்டுப் போயிருக்கிறாள். "ஒங்க கொழுந்தனார் இத விக்கப் பாத்தாரே, ஒங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மதினி சோறு போட்டார். கத்தரிக்காய்க் குழம்பு, கருவாடு. நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன். அப்புறம் சொன்னார்: "பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னா தம்பி அந்தப் பொண்ணு. அந்தச் சித்திரையில நான் கையில மண்ணோட நின்னேனே, அதே எடத்துல. என் பேரைச் சொல்லித்தானே அவ குடியக் கெடுக்கப் பாத்தீங்க?" நான் உங்கள் பேரைச் சொன்னேன், உக்கு பண்டா பேரைச் சொன்னேன், துரை பேரைச் சொன்னேன். "அவங்கள்லாம் யாரோ. நீங்க எங்க வீட்டுப் புள்ள" என்றார். என் அண்ணன் என்னை ஒருநாளும் அடித்ததில்லை, நானா. அடித்திருந்தால் அப்படித்தான் வலித்திருக்கும்.

மதினி சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கீழே டிங்கிரி மெனிக்கே வீட்டுக்குத் தானே போய்ப் பேசியிருக்கிறார். பாதி சிங்களம், பாதி கைஜாடை. அந்த அம்மாவுக்கும் பறிக்க ஆள் இல்லை, வயதாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். யாருடைய வருடமாக இருந்தாலும் பறிப்பது மதினி, பழத்தில் பாதி மதினிக்கு, பாதி அந்த அம்மாவுக்கு. குடிசையை யாரும் அசைப்பதில்லை. நம் இரண்டு பேருக்கும் தோன்றாத யோசனை. நாம் யாரை ஏமாற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை ஊர்த் தலைவர் ஆராச்சி முன்னால் இரண்டு பாஷையிலும் சொல்லி முடித்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு உங்களைக் கூட்டிவரச் சொல்லுகிறார் மதினி. எனக்கே ஆச்சரியம், "அந்த மனுசன் செருப்பில்லாம ஓடினாராமே, அவரே வரட்டும்" என்றார். டிங்கிரி மெனிக்கேக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்களுக்குச் சம்மதமா, நாளைக்கு யாராவது பங்கு கேட்டு வருவார்களா, எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள்.

நான் வர மாட்டேன். மதினி சொல்லிவிட்டார்: "நானா வரலாம். நீங்க கொஞ்ச நாளைக்கு வராதீங்க தம்பி. உங்களப் பாத்தா எனக்கு அந்தப் பொண்ணு மொகம் ஞாபகம் வருது." சரி என்று வந்துவிட்டேன். சுந்தரி ஓடை வரைக்கும் கூட வந்தாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் தோட்டத்தில் எனக்குக் கொடுத்தது, புதுசு. மேலே குளிர் ஆரம்பித்திருக்கும், மதினிக்கு இருமல் நிற்காது. போகும்போது எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். யார் கொடுத்தது என்று அவர் கேட்காவிட்டால் சொல்ல வேண்டாம். கேட்டால் மறைக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்தாரென்றால் வற்புறுத்தாமல் கொண்டுவந்து கடையில் வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இராமையா